வாடகை ஒப்பந்தம் மீறப்பட்டால்: குடியிருப்பவருக்கு முறையாக நோட்டீஸ் கொடுப்பது எப்படி?

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். குடியிருப்பவர் ஒப்பந்தத்தில் எழுதியபடி நடக்கவில்லை. வாடகை இரண்டு மாதமாக வரவில்லை. அல்லது குடும்பம் தங்கத்தான் என்று சொல்லி வாடகைக்கு எடுத்த வீட்டில் கல்யாண ஆர்டருக்குச் சமையல் நடக்கிறது. அல்லது மாடிப் போர்ஷனில் உங்களுக்கு முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம் உள்வாடகைக்கு இருக்கிறது. நேரில் சொன்னீர்கள், போனில் சொன்னீர்கள், "சரி சார், பார்த்துக்கறேன்" என்ற பதிலோடு நின்றுவிட்டது. இனி எழுத்தில்தான் சொல்ல வேண்டும்.

அந்த எழுத்தை முதல்முறையாக எழுதப் போகிறவர்களுக்காக இது. தமிழ்நாட்டில் மாத வாடகைக்கு விட்ட தனியார் வீடு, கடை ஆகியவற்றை மட்டும் பேசுகிறேன். ஒத்திக்கு விட்ட வீட்டுக்கு வேறு கணக்கு. அரசு, கோயில், வக்ஃபு கட்டடங்களுக்கும் வேறு விதிகள்.

நோட்டீஸ் என்றதும் பலருக்கும் "காலி பண்ணு" என்ற மிரட்டல்தான் நினைவுக்கு வருகிறது. அப்படி நினைத்து எழுதுவதால்தான் பாதி நோட்டீஸ்கள் பயனில்லாமல் போகின்றன. ஒப்பந்த மீறலுக்கான நோட்டீஸுக்கு மூன்று வேலைகள். என்ன தவறு நடந்தது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். இரண்டையும் செய்தீர்கள் என்று பின்னால் காட்ட முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாமல் நீதிமன்றம் வரை போனாலும், அங்கே முதலில் கேட்கப்படும் தாள் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் (இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரி) பதிந்து பதிவு எண் பெற வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து வேறுபட்டது. "11 மாதத்துக்குத்தானே போட்டிருக்கிறோம், பதிவு எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. 11 மாதக் கணக்கு பதிவுச் சட்டத்துக்கானது, இந்தச் சட்டத்துக்கு அது செல்லாது. நீங்கள் பதியாமல் விட்டிருந்தால், நோட்டீஸை அனுப்பும் முன் இந்த ஒரு விஷயத்தையாவது வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அதற்கான காரணங்களை 21-ஆம் பிரிவு சொல்கிறது. நம் விஷயத்துக்கு அதில் மூன்று முக்கியம். முதலாவது வாடகைப் பாக்கி: இரண்டு மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் வட்டியோடு பாக்கி நின்று, பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருப்பது. இரண்டாவது, உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வேறு ஒருவரிடம் ஒப்படைப்பது. மூன்றாவது தவறான பயன்பாடு: நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்வது. ஒதுக்காத இடத்தை ஆக்கிரமிப்பது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்துவது எல்லாம் இதில் வரும்.

முதலாவதையும் மூன்றாவதையும் இன்னொரு முறை படியுங்கள். நோட்டீஸ் போகாமல் அந்தக் காரணமே உருவாவதில்லை. நீங்கள் வாயால் நூறு முறை சொல்லியிருந்தாலும் அது கணக்கில் வராது.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 114-ஏ பிரிவும் இதே ஒழுங்கைத்தான் சொல்கிறது: மீறல் எது என்று குறிப்பிட்டு, சரிசெய்யக்கூடியதாக இருந்தால் சரிசெய்யச் சொல்லி, நியாயமான காலம் கொடுத்த பிறகுதான் வழக்கு. வாடகைப் பாக்கிக்கும் உள்வாடகைக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் எல்லா நோட்டீஸையும் இந்த ஒழுங்கிலேயே எழுதுவது நல்லது. பின்னால் யாரும் குறை காண முடியாது.

எழுதும் முன்

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். நீங்கள் குற்றம் என்று நினைப்பது அதில் இருக்கிறதா? உறவினர் வந்து பத்து நாள் தங்கினார்கள், அசைவம் சமைக்கிறார்கள், இரவில் தாமதமாக வருகிறார்கள் என்றெல்லாம் நோட்டீஸ் எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்திலும் இல்லாத, சட்டத்திலும் இல்லாத ஒன்றைக் குற்றமாக எழுதினால், அதன் பக்கத்திலேயே எழுதிய உண்மையான குற்றமும் நம்பிக்கை இழக்கும். ஒருவர் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார் என்பது உங்கள் வேலை இல்லை. ஷரத்து எண்ணைக் காட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஷரத்து இல்லாவிட்டாலும் சட்டமே சுமத்தும் சில கடமைகள் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, வாடகைக்கு எடுத்த நோக்கத்தைத் தவிர வேறு காரியத்துக்கு இடத்தைப் பயன்படுத்தக் கூடாது. சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. தன்னாலோ தன் ஆட்களாலோ ஏற்பட்ட பழுதை, அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்து, உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு ரசீது கொடுக்கிறீர்களா? நீங்கள் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை முடித்துவிட்டீர்களா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டட அமைப்பில் வரும் பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக், வடிகால் அடைப்பு, கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. மேல்தளம் ஒழுகுவதைப் பற்றி அவர் உங்களுக்கு நான்கு மெசேஜ் அனுப்பி, நீங்கள் பதிலே சொல்லாமல் இருக்கும் நிலையில் சுவரில் ஓதம் ஏறியதற்கு அவருக்கு நோட்டீஸ் அனுப்பினால், பதில் நோட்டீஸில் அந்த நான்கு மெசேஜும் வரும்.

பிறகு ஆதாரம். வாடகை என்றால் வங்கிக் கணக்கு விவரம், ரசீதுப் புத்தகம். சேதம் என்றால் தேதியுள்ள படங்கள், குடி வந்தபோது எடுத்த பழைய படங்கள் இருந்தால் அவையும். சத்தம், புகை, தொல்லை என்றால் அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்ட கடிதம், அடுக்குமாடியாக இருந்தால் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். எந்தத் தேதியில் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்காக ஆள் இல்லாத நேரத்தில் திறந்து பார்க்காதீர்கள். போன இடத்தில் சேதமான இடத்தை மட்டும் படம் எடுங்கள். அங்கிருக்கும் மனிதர்களையோ அவர்களுடைய பொருட்களையோ எடுக்க வேண்டாம்.

நோட்டீஸில் என்னென்ன இருக்க வேண்டும்

மொழி தமிழாகவே இருக்கலாம். அவருக்குப் புரியும் மொழியில் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. முதல் நோட்டீஸை நீங்களே எழுதலாம், வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. என் கருத்தில், சரிசெய்யச் சொல்லும் முதல் நோட்டீஸ் வீட்டுக்காரர் கையெழுத்தில் போவதே நல்லது. வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தாலே எதிர்ப்பக்கமும் வக்கீலிடம்தான் ஓடும், பேசித் தீர்க்கும் வழி அடைபட்டுவிடும்.

ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் வாடகைதாரராக இருக்கிறதோ அத்தனை பேருக்கும் எழுதுங்கள். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு என்றால் மூவருக்கும். வீடு உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருந்தால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் உங்கள் பவர் ஏஜென்ட் உங்கள் சார்பில் கையெழுத்திடலாம். பவர் பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் நோட்டீஸில் குறிப்பிட வேண்டும். ஊரில் இருக்கும் மச்சான் எந்த அதிகாரமும் இல்லாமல் தன் பெயரில் எழுதி அனுப்புவது வேலைக்கு ஆகாது.

உள்ளடக்கத்தில் நான் கவனிக்கும் இடம் ஒன்றுதான்: மீறலைச் சொல்லும் வாக்கியம். "நீங்கள் தொடர்ந்து ஒப்பந்தத்தை மீறி வருகிறீர்கள்" என்பதில் எதுவுமே இல்லை. எந்த ஷரத்து, என்ன நடந்தது, எந்தத் தேதியில், எப்படித் தெரிந்தது என்று இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஒருவர் படித்தாலும் என்ன பிரச்சினை என்று புரிய வேண்டும். கோபமான சொல், சாதி, மதம், குடும்ப விஷயம், "உங்களைப் போன்றவர்கள்" என்ற தொடர் எதுவும் வேண்டாம்.

தவறான பயன்பாட்டுக்கு ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன். வீட்டில் கேட்டரிங் தொழில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

அனுப்புநர்: (உரிமையாளரின் முழுப்பெயர், முகவரி)
பெறுநர்: (ஒப்பந்தத்தில் உள்ளபடி வாடகைதாரரின் பெயர், வாடகை வீட்டின் முகவரி)
தேதி: (எழுதும் நாள்)
பொருள்: குடியிருப்பு வீட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோரும் அறிவிப்பு.

ஐயா,

மேற்கண்ட முகவரியில் உள்ள தரைத்தள வீட்டை (தேதி) நாளிட்ட, (பதிவு எண்) என்ற எண்ணில் பதிவான வாடகை ஒப்பந்தத்தின்படி தங்களுக்கு வாடகைக்கு விட்டுள்ளேன். ஒப்பந்தத்தின் 6-ஆம் ஷரத்துப்படி இந்த வீட்டைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஆனால் (தேதி), (தேதி), (தேதி) ஆகிய நாட்களில் வீட்டின் பின்புறத்தில் பெரிய அடுப்புகள் வைத்து வெளி ஆர்டர்களுக்குச் சமையல் நடந்துள்ளது. வணிக கேஸ் சிலிண்டர்கள் படிக்கட்டின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. (தேதி) அன்று முன்னறிவிப்புக் கொடுத்து நான் நேரில் வந்தபோது இவற்றைப் பார்த்தேன். இது ஒப்பந்தத்தின் 6-ஆம் ஷரத்தை மீறிய செயல்.

எனவே இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் (1) இந்த வீட்டில் வணிகச் சமையலை நிறுத்தவும், (2) வணிக கேஸ் சிலிண்டர்களையும் பெரிய அடுப்புகளையும் அகற்றவும், (3) இரண்டையும் செய்துவிட்டதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன கெடுவுக்குப் பிறகும் இந்தப் பயன்பாடு தொடர்ந்தால், வாடகை நீதிமன்றத்தை அணுகுவது உட்படச் சட்டப்படியான நடவடிக்கை எடுப்பேன்.

இது குறித்துப் பேச வேண்டுமானால் (தொலைபேசி எண்) என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர்)

ஒரு பக்கம்தான். "நிறுத்தவும்" என்ற சொல்லும் "அகற்றவும்" என்ற சொல்லும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். குடியிருப்பவர் நாளைக் காலை எழுந்து என்ன செய்தால் பிரச்சினை தீரும் என்று அந்த வரியில் தெரிகிறது. பல நோட்டீஸ்களில் புகார் இரண்டு பக்கம் இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

தொழில் நடக்கும் வீடுகளில் இன்னொரு காரணத்தையும் சேர்க்கலாம். மின் இணைப்பு உங்கள் பெயரில் வீட்டுக் கட்டணத்தில் இருக்கும். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிட்டு வசூலிக்கலாம். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் மின்வாரியக் கடிதம் உங்களுக்கும் வரும். இதை நோட்டீஸில் ஒரு வரி எழுதினால், நீங்கள் வீண் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதும் அவருக்குப் புரியும்.

வாடகைப் பாக்கி நோட்டீஸ்

இதற்குக் கணக்குத்தான் உயிர். "மூன்று மாத பாக்கி" என்று எழுதாமல் வரி வரியாக எழுதுங்கள்:

ஜூன் வாடகை ரூ.12,000, பெற்றது ரூ.5,000, பாக்கி ரூ.7,000.
ஜூலை வாடகை பாக்கி ரூ.12,000.
ஆகஸ்ட் வாடகை பாக்கி ரூ.12,000.
பராமரிப்புக் கட்டணம் மூன்று மாதத்துக்கு, மாதம் ரூ.500 வீதம், ரூ.1,500.
ஆக மொத்தம் ரூ.32,500.

தாமத வட்டிக்கு ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தால் அந்த விகிதப்படி தனி வரியில் காட்டுங்கள். நீங்களாக ஒரு விகிதத்தைப் போடாதீர்கள். பிறகு, "இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேற்படி தொகையைச் செலுத்தவும்" என்று எழுதி, எந்த வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். ஒரு மாதம் என்பது சட்டம் தரும் அவகாசம். கோபத்தில் "ஏழு நாளில் கட்டு" என்று எழுதினால் அது 21-ஆம் பிரிவுக்கு உதவாது. அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால், பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நீங்கள் கேட்ட பணம் வந்துவிட்டது.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் கட்டாயம் வரும். அட்வான்ஸ், வீட்டைக் காலி செய்யும்போது கணக்குப் பார்க்க வேண்டிய தொகை. ஓடும் மாத வாடகைக்கு அதைக் கழிக்கச் சம்மதமில்லை என்றால், அதையும் எழுத்திலேயே உடனே சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதித்ததாக அவர் வாதிடுவார்.

எத்தனை நாள் கொடுப்பது?

பாக்கிக்கு ஒரு மாதம் என்று பார்த்தோம். மற்றவற்றுக்குச் சட்டம் பெரும்பாலும் "நியாயமான காலம்" என்ற அளவில் நிற்கிறது. இரவு நேரச் சத்தம், பொது வழியில் பொருள் அடைத்து வைப்பது போன்றவற்றை உடனே நிறுத்தலாம், ஒரு வாரம் போதும். தொழிலை நிறுத்துவதற்கு 15 முதல் 30 நாள். அனுமதியின்றி எழுப்பிய தடுப்புச் சுவரை இடித்துப் பழையபடி ஆக்குவதற்கு 30 நாளாவது வேண்டும். கொத்தனார் கிடைக்க வேண்டும் அல்லவா? வாடகைதாரரால் வந்த பழுதுக்கு மேலே சொன்ன மூன்று மாத விதி இருக்கிறது. தண்ணீர்க் கசிவு போல நாளுக்கு நாள் சேதம் பெருகும் பழுதாக இருந்தால், முதலில் கசிவை நிறுத்தக் குறைந்த கெடு, முழுப் பழுதுக்கு நீண்ட கெடு என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். எப்போதும் "நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து" என்று எழுதுங்கள். எழுதிய தேதியிலிருந்து எண்ணினால் தபாலில் போகும் நாட்கள் அவருடைய அவகாசத்தைத் தின்றுவிடும்.

உள்வாடகைக்குச் சரிசெய்யும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் யார் இருக்கிறார்கள், எந்த ஏற்பாட்டில் இருக்கிறார்கள் என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புவது நல்லது. மாடியில் இருப்பது அவருடைய அக்கா குடும்பம், வாடகை எதுவும் வாங்கவில்லை என்று தெரியவரலாம்.

எப்படிக் கொண்டு சேர்ப்பது

நன்றாக எழுதிய நோட்டீஸும் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இல்லாமல் வீணாவது அடிக்கடி நடக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு வழிகளைச் சொல்கிறது: தபாலில் அனுப்பலாம், அவர் கையில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தில் ஒருவரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், இவை எதுவும் முடியாவிட்டால் வீட்டில் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒட்டலாம். அடுக்குமாடி வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அவருடைய வேலையாள் இல்லை. அவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் சேர்ந்ததாக ஆகாது.

தபால்தான் என் முதல் தேர்வு. ரிஜிஸ்டர்டு போஸ்ட் 01.09.2025 முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று மட்டும் சொல்லாமல், பதிவு வசதியோடும் டெலிவரி சான்றோடும் வேண்டும் என்று கேளுங்கள். பதிவு வசதி சேர்த்தால்தான் பெறுநர் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு. ரசீதை உடனே படம் எடுத்து வையுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். டெலிவரி ஆன விவரத்தையும் இணையதளத்திலிருந்து அன்றே சேமித்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் கவனம் வேண்டும். சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் போடுங்கள், தளமும் போர்ஷனும் குறிப்பிடுங்கள், பின்கோடு தவறக் கூடாது. சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு முகவரி சரியாக இருந்தால்தான். கூரியருக்கு இதே வலு இருப்பதாக எண்ண வேண்டாம்.

"வாங்க மறுத்தார்" என்றோ "கதவு பூட்டியிருந்தது" என்றோ எழுதிக் கவர் திரும்பி வந்தால் கவலைப்படாதீர்கள். அந்தக் கவரைப் பிரிக்கவே கூடாது. முத்திரையோடு, தபால்காரர் குறிப்போடு, மூடியபடியே வைத்திருங்கள். அது உங்கள் சான்று. மறுத்து அனுப்பியதைக் கிடைக்கவில்லை என்று வாதாடுவது எளிதல்ல.

தபாலோடு கையிலும் ஒரு பிரதி கொடுக்கலாம். இரண்டாவது பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். கூட வந்தவர் சாட்சியாக அந்தப் பிரதியிலேயே நேரத்தோடு குறிப்பெழுதிக் கையெழுத்திடட்டும். கதவில் ஒட்டுவது கடைசி வழி. ஒட்டினால் சாட்சிகளோடு, தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காக ஒட்டாதீர்கள். அந்த வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் அனுப்புவது துணைக்குத்தான். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் அனுப்பிய செய்தியையும் அவருடைய பதிலையும் அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கும்.

கெடு ஓடும்போது செய்யக் கூடாதவை

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது, லிஃப்டை மறுப்பது, கேட்டைப் பூட்டுவது எதையும் செய்யாதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுத்தால் வசதியைத் திரும்பக் கொடுக்க உங்களுக்கு உத்தரவு வரும். பாக்கி வைத்தவர் அவர், ஆனால் அன்றிலிருந்து பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சாமானை வெளியே வைத்துப் பூட்டுப் போட்டால் இன்னும் மோசம். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழி தருகிறது.

வாடகை வந்தால் வாங்கலாமா? சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் காலத்தில் தாராளமாக வாங்கலாம், ரசீதும் கொடுங்கள். ரசீதில் "(தேதி) நாளிட்ட அறிவிப்பில் உள்ள என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் தானாக வந்து விழுந்தால் அதே வரியை மெசேஜாக அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் அனுப்பிய பிறகு வாடகை வாங்குவது வேறு விஷயம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தமாகலாம். அதனால்தான் சரிசெய்யச் சொல்வதையும் காலி செய்யச் சொல்வதையும் ஒரே தாளில் கலக்காதீர்கள் என்கிறேன். இரண்டாவது வகையை வக்கீல் எழுதட்டும்.

கெடு முடிந்த பிறகு

பதில் வந்தால் பொறுமையாகப் படியுங்கள். அவர் சொல்வதில் உண்மை இருந்தால் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். தவணை கேட்டால், முடியும் என்றால், தேதிகளோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சரிசெய்துவிட்டார் என்றால் 24 மணி நேர முன்னறிவிப்புக் கொடுத்துப் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு, "(தேதி) நாளிட்ட அறிவிப்பில் குறிப்பிட்டவை சரிசெய்யப்பட்டன" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. அவருக்கு அது நிம்மதி. ஆறு மாதம் கழித்து அதே மீறல் திரும்ப வந்தால், முன்பு நடந்தது, ஒப்புக்கொண்டது, சரிசெய்தது எல்லாம் உங்களிடம் எழுத்தில் இருக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதல் நோட்டீஸைக் குறிப்பிட்டு, கெடு முடிந்த பிறகும் மீறல் தொடர்வதைத் தேதியோடு சொல்லிச் சின்னதாக இரண்டாவது நோட்டீஸ் அனுப்பலாம். தவறான பயன்பாட்டு விஷயத்தில் இதை நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். "நோட்டீஸுக்குப் பிறகும் தொடர்ந்தது" என்பதைத்தானே நீங்கள் காட்ட வேண்டும்? நோட்டீஸுக்கு முன் எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் அதைக் காட்ட முடியாது.

அப்புறம் வக்கீலிடம் போகலாம். பதிவான ஒப்பந்தம், இரண்டு நோட்டீஸ்களின் நகல், தபால் ரசீதுகள், டெலிவரி சான்று அல்லது திரும்பி வந்த பிரிக்காத கவர், அவருடைய பதில், படங்கள், வாடகைக் கணக்கு, இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். வாடகை நீதிமன்றத்துக்கான மனு பெரும்பாலும் இந்தக் காகிதங்களிலிருந்துதான் எழுதப்படும்.

அவராகவே காலி செய்துவிட்டாலும் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். சேதத்துக்காகப் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் கணக்குக் கேட்பார். அந்தச் சேதம் எப்போது, எப்படி வந்தது என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்த்த பில்லையும் அதோடு இணைத்து, கணக்கை எழுதி, மீதிப் பணத்தோடு கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.